வீட்டுக் குழுக்களில் சீஷர்கள் உருவாகாமல் போவது ஏன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதன்கிழமை இரவு ஏழரை மணி வீட்டு ஜெபக்கூட்டம் எப்படி நடக்கும் என்பது சபைக்குப் போகிற யாருக்கும் தெரியும். இரண்டு பாட்டு, ஆரம்ப ஜெபம், பாஸ்டரோ மூப்பரோ முக்கால் மணி நேரம் கொடுக்கிற செய்தி, ஜெபக்குறிப்புகள், முடிவு ஜெபம், டிபன். வருகிறவர்கள் பக்தியோடுதான் வருகிறார்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பத்து வருடமாகத் தவறாமல் வருகிற ஒருவரிடம், "அடுத்த வாரம் நீங்க நடத்துங்களேன்" என்று கேட்டுப் பாருங்கள். "ஐயோ, எனக்கு அதெல்லாம் வராது பிரதர்" என்பார். ஏறக்குறைய ஐந்நூறு செய்தி கேட்டவர் அவர்.

சிறு குழுக்கள் மூலம் சீஷர்கள் உருவாக வேண்டும், சபை பெருக வேண்டும் என்று விரும்பாத போதகர் இல்லை. அப்படியிருந்தும் பல சபைகளில் செல் குரூப் தொடங்கிய வேகத்திலேயே மங்கிப்போகிறது, அல்லது தொடங்கிய அதே பன்னிரண்டு பேரோடு வருடக்கணக்கில் நிற்கிறது. ஜெபம் குறைவு என்று காரணம் சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறோம். என் கணிப்பு வேறு. நம் குழுக்களில் யாரும் யாரிடமும் எதையும் ஒப்படைப்பதில்லை. மற்றத் தவறுகளில் பெரும்பாலானவை இதிலிருந்து கிளைத்தவைதான்.

அதற்குள் போகும் முன் ஒன்று. இதெல்லாம் கொரியாவிலிருந்து வந்த புதுப் பழக்கம், பாரம்பரிய சபைக்கு ஒத்துவராது என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. 1670-ல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் பிலிப் ஸ்பேனர் என்ற லுத்தரன் போதகர் தம் வீட்டில் சிலரைக் கூட்டி வேதம் வாசிக்கத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்த 'பயட்டிசம்' என்ற பக்தி இயக்கத்தின் மையமாக ஹாலே நகரம் ஆனது. அந்த இயக்கத்தின் பிள்ளைகள்தாம் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரிகள் சீகன்பால்குவும் புளுட்சோவும். கத்தோலிக்கப் பங்குகளில் தெருவுக்குத் தெரு அன்பியங்கள் என்ற சிறு குழுக்கள் கூடுகின்றன. வீட்டில் கூடுவது யாருக்கும் அந்நியமல்ல.

ஞாயிறு ஆராதனையை வீட்டு ஹாலுக்குள் கொண்டுவருவது

பத்துக்குப் பன்னிரண்டு அளவுள்ள ஹால், அதில் பதினைந்து பேர், நடுவில் ஒரு ஸ்பீக்கர் பாக்ஸ், கையில் மைக். எதிரே உட்கார்ந்திருப்பவரின் மூச்சுச் சத்தம்கூடக் கேட்கிற தூரத்தில் மைக் எதற்கு? பக்கத்து வீட்டுப் பிள்ளை பரீட்சைக்குப் படிக்க முடியாமல் போவதுதான் மிச்சம். அந்த மைக் கையில் வந்த நிமிடமே ஒருவர் பேசுகிறவர், மற்றவர்கள் கேட்கிறவர்கள் என்று பிரிந்துவிடுகிறார்கள்.

மாற்கு 3:14-ல் இயேசு பன்னிரண்டு பேரை முதலில் அழைத்தது தம்மோடுகூட இருப்பதற்கு. மத்தேயு 28:20-ல் அவர் கேட்பது, தாம் கட்டளையிட்ட யாவையும் 'கைக்கொள்ளும்படி' உபதேசிப்பது. கைக்கொண்டார்களா இல்லையா என்று பார்க்க ஆராதனை மண்டபத்தில் வழியில்லை. வீட்டில் உண்டு. அந்த வசதியை நாமே இன்னொரு பிரசங்கத்தால் மூடிவிடுகிறோம்.

ஒரு குழுவில் கண்டதைச் சொல்கிறேன். லூக்கா 19, சகேயுவின் பகுதியை ஆளுக்கு இரண்டு வசனமாக வாசித்தார்கள். நடத்திய சகோதரி விளக்கம் எதுவும் கொடுக்கவில்லை. "இதைக் கேட்டுட்டு இந்த வாரம் நாம என்ன செய்யப் போறோம்?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருந்தார். நெடுநேரம் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு கட்டட மேஸ்திரி ஒருவர், "என்கிட்ட சித்தாள் வேலை பாக்குற அக்காவுக்கு ரெண்டு வாரக் கூலி நிக்குதுங்க. சனிக்கிழமை கொடுத்துடறேன்" என்றார். அடுத்த வாரம் பாட்டு தொடங்கும் முன்னே அந்தச் சகோதரி, "அண்ணே, கொடுத்தீங்களா?" என்று கேட்டார். பாதி கொடுத்திருந்தார்; மீதிக்குத் தவணை சொல்லியிருந்தார். குழு அதற்காகவே ஜெபித்தது. அன்று அங்கே சத்தமான செய்தி ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு மனிதர் வேதவசனத்துக்குக் கீழ்ப்படியத் தொடங்கியதை மற்றவர்கள் கண்ணால் பார்த்தார்கள்.

இப்படிச் செய்யப் பெரிய பயிற்சி வேண்டாம். ஒரு பகுதியை வாசியுங்கள். இது என்ன சொல்கிறது, நான் என்ன செய்யப் போகிறேன், யாரிடம் பகிர்ந்துகொள்ளப் போகிறேன் என்று மூன்று கேள்விகள் போதும். நான்காவதாக, அடுத்த கூட்டத்தைத் தொடங்கும்போதே போன வாரம் சொன்னது என்ன ஆயிற்று என்ற விசாரிப்பு. நம் ஆட்கள் விட்டுவிடுவது இந்த நான்காவதைத்தான். கேட்டால் மனம் நோகுமே என்ற தயக்கம். அன்போடு கேட்டால் நோகாது.

எண்ணிக்கையை மட்டும் நகலெடுப்பது

சியோல் நகரில் 1958-ல் ஒரு கூடாரத்தில் தொடங்கிய சபை, பின்னாளில் உலகின் மிகப் பெரிய சபைகளில் ஒன்றானது. யோய்டோ முழு சுவிசேஷ சபை என்றால் நம் ஊர்ப் போதகர்கள் பலருக்குத் தெரியும். அங்கிருந்து நாம் எடுத்துக்கொண்டது வரைபடத்தை: இத்தனை செல், இத்தனை மண்டலம், வருட முடிவில் இத்தனை மடங்கு. செல் தலைவரிடம் ஞாயிறுதோறும் வருகைத் தாள் வாங்குகிறோம். ஆள் குறைந்தால் மேடையில் பெயர் சொல்லிக் கேட்கிற சபைகளும் உண்டு. விளைவு தெரிந்ததுதான். அடுத்த சபை விசுவாசியை அழைத்து வந்து தாளை நிரப்புகிறார்கள். சபை வளர்ந்ததாகக் கணக்கு. ஊரில் ஒருவர்கூடப் புதிதாகக் கிறிஸ்துவை அறியவில்லை.

அந்தச் சபையில் குழுக்கள் பிறந்த விதத்தை யாரும் நகலெடுப்பதில்லை. 1964-ல் போதகர் யோங்கி சோ வேலைப் பளுவால் உடல் தளர்ந்து சரிந்தார். இனி தனியாகச் சுமக்க முடியாது என்ற நிலையில்தான் சபையை வீடுகளுக்குப் பிரித்தார். ஆண்கள் தயங்க, அந்தக் காலத்துக் கொரியாவில் நினைத்துப் பார்க்க முடியாத காரியமாக, பெண்களிடம் பொறுப்பைக் கொடுத்தார். வளர்ச்சிக்குக் காரணம் அந்த ஒப்படைப்பு. அதே சோ, சபைக்குப் பெரும் பண இழப்பு ஏற்படுத்தியதற்காக 2014-ல் சியோல் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். எத்தனை ஆயிரம் செல் இருந்தாலும், தலைவரைக் கேள்வி கேட்கிறவர் யாரும் இல்லாத இடம் ஆபத்தான இடம்தான்.

எனக்கு இதைவிடப் பிடித்த வரலாறு மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியுடையது. 1742-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், ஜெபக்கூடம் கட்டிய கடனை அடைக்க வழி தேடினார்கள். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி போடலாம் என்று ஃபாய் என்ற கப்பல் கேப்டன் யோசனை சொன்னார். ஏழைகளால் முடியாதே என்றதற்கு, மிகவும் ஏழையான பதினொரு பேரை என் பொறுப்பில் விடுங்கள், அவர்களால் முடியாததை நான் போடுகிறேன் என்றார். பன்னிரண்டு பேருக்கு ஒருவராகப் பொறுப்பாளர்கள் வாராவாரம் வீடு வீடாகப் போனார்கள். போன இடத்தில் ஒருவர் தவறான வழியில் நடப்பது தெரியவந்தது. வீட்டு நிலைமைகள் கண்ணில் பட்டன. வெஸ்லிக்கு உடனே புரிந்துவிட்டது: நாம் தேடிக்கொண்டிருந்த மேய்ப்பு முறை இதுதான். காசு வாங்கப் போனது ஆத்துமாவை விசாரிக்கும் வகுப்பாக மாறியது. 1791-ல் அவர் இறந்தபோது பிரிட்டனில் மட்டும் மெதடிஸ்டுகள் 70,000 பேருக்கு மேல். அந்த எண்ணிக்கைக்கு அடியில் இருந்தது வாரம் ஒருமுறை ஒருவர் இன்னொருவர் வீட்டுக் கதவைத் தட்டியது.

உங்கள் குழுவுக்கு வருகைத் தாள் வேண்டுமானால் இருக்கட்டும். அதில் இன்னும் இரண்டு கட்டங்கள் போடுங்கள்: வராதவரை யார் போய்ப் பார்த்தார்கள், இந்த மாதம் யார் புதிதாக நடத்தப் பழகினார்கள்.

எல்லாவற்றையும் தலைவரே செய்வது

பாட்டு அவரே, ஜெபம் அவரே, செய்தி அவரே. அவர் ஊருக்குப் போனால் கூட்டம் ரத்து. இதை ஊழிய வைராக்கியம் என்று பாராட்டுகிறோம். பவுல் இதைப் பாராட்டியிருக்க மாட்டார். 2 தீமோத்தேயு 2:2-ல் நான்கு தலைமுறை இருக்கிறது: பவுல், தீமோத்தேயு, உண்மையுள்ள மனுஷர்கள், அவர்கள் போதிக்கப்போகும் மற்றவர்கள். நம் குழுக்கள் இரண்டாம் தலைமுறையிலேயே நின்றுவிடுகின்றன.

குழு தொடங்கும் முதல் வாரமே உதவித் தலைவர் ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வாசிப்பை அவரிடம் கொடுங்கள், பிறகு ஜெபத்தை, பிறகு கேள்விகளை. சில மாதத்தில் முழுக் கூட்டத்தையும் அவர் நடத்தட்டும்; நீங்கள் ஓரமாக உட்கார்ந்து வாயைக் கட்டுப்படுத்திக்கொள்ளுங்கள். அவர் தடுமாறும்போது மைக்கைப் பிடுங்குவதுபோல் குறுக்கே புகுந்துவிட்டால் எல்லாம் போயிற்று. கூட்டம் முடிந்து வண்டியை எடுக்கும்போது தனியாகச் சொன்னால் போதும். அதன்பின் ஒரு வாரம் வேண்டுமென்றே போகாமல் இருங்கள்.

யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதிலும் தவறுகிறோம். அரசு வேலை, நல்ல பேச்சு, பெரிய வீடு ஆகியவற்றைப் பார்க்கிறோம். பவுல் கேட்டது, மற்றவர்களுக்குப் போதிக்கத்தக்க 'உண்மையுள்ள' மனுஷர்களை. வேதபாண்டித்தியம் உள்ள அப்பொல்லோவை வீட்டுக்கு அழைத்துத் திருத்தமாய் விளக்கியவர்கள் கூடாரம் செய்து பிழைத்த ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும். எழுதப் படிக்கத் தெரியாத அக்கா ஒருவர், பேரன் போனில் போட்டுக் கொடுக்கிற ஆடியோ வேதாகமத்தைக் கேட்டே தெருவில் நாலு பேரைச் சேர்த்து நடத்த முடியும். பல ஊர்களில் அப்படி நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தலைவர் என்று அழைக்கத்தான் சபைக்கு மனம் வருவதில்லை.

டிபன், தெரு, சாதி

டீயும் பிஸ்கட்டும் என்று தொடங்கும். மூன்றாவது வீட்டில் வடை சேரும். ஆறாவது வீட்டில் பூரி மசால். பிள்ளையின் பிறந்தநாளும் சேர்ந்துவிட்டால் பிரியாணி. அதற்கு அடுத்த வாரம் வரவேண்டிய வீட்டுக்காரர், "எங்க வீட்ல இடம் பத்தாது பாஸ்டர்" என்பார். இடம் பிரச்சினையில்லை என்பது எல்லோருக்கும் தெரியும், கேட்பவர் யாருமில்லை. கொரிந்து சபையிலும் வீட்டில் கூடிச் சாப்பிட்டபோது ஒருவன் பசியாயிருக்க இன்னொருவன் குடித்து வெறியாயிருந்தான். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று பவுல் கடிந்துகொண்டார். இதற்கு ஒரே வழி, சபை முழுவதற்கும் ஒரே விதி: டீ மட்டும். வசதியுள்ள வீடுகள்தான் முதலில் அதைக் கடைப்பிடிக்க வேண்டும்.

இதைவிட ஆழமானது அடுத்தது. தெரு வாரியாகக் குழு பிரிப்பது வசதிதான். ஆனால் நம் ஊர்களில் தெரு என்பது பல நேரம் சாதி. வசதிக்காகப் பிரித்தோம் என்று சொல்லிக்கொண்டே ஒரே பந்தியில் உட்காராத குழுக்களைச் சபைக்குள் வளர்த்துவிடுகிறோம். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு சாப்பிடுவதை விட்டு விலகியபோது, சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு ஏற்றபடி நடக்கவில்லை என்று பவுல் எல்லார் முன்பாகவும் அவரை எதிர்த்தார். தமிழ்ச் சபைக்கும் இந்தச் சோதனை பழையது. சபைக்குள் சாதி வேறுபாடு அறவே ஒழிய வேண்டும் என்று 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சுற்றறிக்கை அனுப்பியபோது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் அதை ஏற்காமல் விலகியவர்கள் உண்டு. ஆகவே குழுவைத் தெருப்படி மட்டும் பிரிக்காதீர்கள். தெரு கடந்து ஆட்களைக் கலந்து போடுங்கள். கூட்டம் எல்லா வீட்டுக்கும் முறைவைத்துப் போகட்டும். ஒரு வீட்டுக்கு மட்டும் வராமல் தவிர்க்கிறவர் யார் என்று போதகர் கவனிக்க வேண்டும். கவனித்ததைப் பேசவும் வேண்டும்.

ஆளுகை செய்வது

1970-களில் அமெரிக்காவின் ஃபோர்ட் லாடர்டேல் நகரை மையமாகக் கொண்டு மேய்ப்பர் இயக்கம் ஒன்று பரவியது. ஒவ்வொரு விசுவாசியும் ஒரு மேய்ப்பருக்குக் கீழ்ப்பட வேண்டும். கல்யாணம், வேலை, வீடு மாறுவது எல்லாவற்றுக்கும் அவரிடம் கேட்க வேண்டும் என்ற அளவுக்குப் பல இடங்களில் போய், குடும்பங்கள் உடைந்தன. அதன் தலைவர்களில் ஒருவரான பாப் மம்ஃபோர்ட் பிற்காலத்தில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். 'ஆவிக்குரிய தகப்பன்' என்ற பேச்சு இப்போது இங்கும் அதிகம். தகப்பனுக்குத் தெரியாமல் வேறு கூட்டத்துக்குப் போகாதே என்று சொல்கிற குழுவிலிருந்து பிள்ளைகளைக் காப்பாற்றுங்கள். விசுவாசத்துக்கு அதிகாரிகளாக அல்ல, சந்தோஷத்துக்குச் சகாயராக இருக்கிறோம் என்று எழுதியவர் ஒரு அப்போஸ்தலன்.

ஜெபக்குறிப்பும் இதே ரகம்தான். மகளின் கல்யாண வாழ்க்கை சரியில்லை என்று ஒரு தாய் அழுதது இரவு பத்து மணிக்குள் சபை வாட்ஸ்அப் குரூப்பில் 'ஜெபத்திற்காக' என்று வந்துவிட்டால், அந்தத் தாய் இனி வாயே திறக்க மாட்டார். குழுவில் பேசியது குழுவோடு நிற்கும் என்று முதல் நாளே சொல்லுங்கள். மீறியவரிடம் நேராகப் பேசுங்கள். ஆனால் ஒரு பெண்ணோ குழந்தையோ அடி, உதை, பாலியல் தொல்லை பற்றிச் சொன்னால் அது இரகசியம் காக்க வேண்டிய விஷயமல்ல. குழந்தைகளுக்கான உதவி எண் 1098, பெண்களுக்கான உதவி எண் 181 இரண்டும் குழுத் தலைவர் போனில் இருக்க வேண்டும்.

பிரிக்கும்போது

பன்னிரண்டு, பதினைந்து பேர் ஆனதும் மேலிருந்து அறிவிப்பு வரும்: உங்கள் குழு இரண்டாகப் பிரிகிறது. மூன்று வருடம் ஒருவருக்கொருவர் ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்கள் அவர்கள். மனம் உடைவது நியாயம். அதற்குப் பதிலாக, நடத்தப் பழகியவர் இரண்டு மூன்று பேரோடு புதுத் தெருவில் தொடங்கட்டும். பழைய குழு அவர்களை ஜெபித்து அனுப்பட்டும். மாதம் ஒருமுறை இரண்டும் சேர்ந்து கூடட்டும்.

இன்னொரு பக்கம், குழுவே சபை என்று நினைத்து விலகிப்போவதும் நடக்கிறது. ஸ்பேனரின் காலத்திலேயே அவர் குழுவில் இருந்த சிலர் திருவிருந்துக்கு வருவதை நிறுத்தினார்கள். குழுத் தலைவர்கள் மாதம் ஒருமுறை போதகரோடு உட்கார்ந்து பேசுகிற பழக்கம் இருந்தால் இது பெரும்பாலும் முளையிலேயே தெரிந்துவிடும். அந்தச் சந்திப்பில் போதகர் குறைவாகப் பேசி, அவர்கள் அதிகம் பேசட்டும்.