கியர் எண்ணெய் மாற்றுகிறேன் என்று கியர்பாக்ஸைக் கெடுத்துவிடாதீர்கள்

"அண்ணே, கருப்பெண்ணெய் மாத்தினேன். இப்ப காரு நகர மாட்டேங்குது. ரிவர்ஸ் போட்டா இஞ்சின் மட்டும் உறுமுது."

ஞாயிற்றுக்கிழமை காலையில் இப்படி ஒரு அழைப்பு. கருப்பெண்ணெய் என்றால் இஞ்சின் எண்ணெய். மலேசியாவின் பீடோருக்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி வேலை பார்க்கும் தம்பி. போய்ப் பார்த்தேன். ஐந்து கியர் ஆட்டோ (தானியங்கி கியர்) உள்ள பழைய ஹோண்டா சிட்டி. லயத்து வீட்டு வாசலில் ஒரு பெயின்ட் வாளி, அதில் அவர் இறக்கிய எண்ணெய். விரலால் தொட்டேன். இஞ்சினிலிருந்து வந்ததென்றால் கரிபோல இருக்க வேண்டும். இதுவோ மெல்லியதாக, சிவப்பும் பழுப்பும் கலந்து, விரலிடுக்கில் தண்ணீர் மாதிரி ஓடியது. சுமார் இரண்டரை லிட்டர் இருந்தது.

நடந்தது புரிந்துவிட்டது. எண்ணெய் இறக்கும் இஞ்சின் நட்டு என்று நினைத்து கியர்பாக்ஸ் நட்டைக் கழற்றியிருக்கிறார். கியர் எண்ணெய் போய்விட்டது. இஞ்சினில் பழைய எண்ணெய் அப்படியே இருக்க, அதன்மேல் மூன்றரை லிட்டர் புது எண்ணெயையும் ஊற்றியிருக்கிறார். நல்ல வேளையாக, கார் நகரவில்லை என்றதும் உடனே நிறுத்திவிட்டார். இஞ்சினில் இருந்த இரட்டை எண்ணெயை இறக்கிச் சரியான அளவு ஊற்றி, கியர்பாக்ஸுக்கு உரிய எண்ணெயையும் போட்டோம். கார் பிழைத்தது. பத்து கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் பிழைத்திருக்காது.

இந்தத் தவறு நீங்கள் நினைப்பதைவிட அதிகம் நடக்கிறது. ஹோண்டாவில் அடையாளம் கண்டுகொள்வது எளிது. இஞ்சின் நட்டு வழக்கமான ஆறுமூலைத் தலை. 17-ஆம் நம்பர் ஸ்பேனர் போடுவோம். கியர்பாக்ஸ் நட்டின் தலையில் சதுரமான குழி இருக்கும். 3/8 அங்குல ரேட்செட்டை சாக்கெட் இல்லாமல் நேரே அதில் செருகலாம். எந்தக் கார் என்றாலும், நட்டைத் தொடுவதற்கு முன் அது இஞ்சினில் இருக்கிறதா, பக்கத்தில் இருக்கும் கியர்பாக்ஸ் கூட்டில் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். முதலில் வரும் எண்ணெயின் நிறத்தையும் பாருங்கள். சிவப்பாக வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

சரி, இரண்டரை லிட்டர் எண்ணெய் இல்லாததற்கா ஒரு கார் நகராமல் நிற்கும்? நிற்கும். இஞ்சினில் எண்ணெய் உராய்வைக் குறைக்கிறது, கொஞ்சம் சூட்டை எடுக்கிறது. ஆட்டோ கியர்பாக்ஸில் எண்ணெய்தான் வேலையே செய்கிறது. மெனுவல் காரில் இஞ்சினையும் கியரையும் கிளட்ச் தட்டு இணைக்கிறது. ஆட்டோவில் டார்க் கன்வெர்ட்டருக்குள் சுழலும் எண்ணெய்தான் இணைக்கிறது. உள்ளே இருக்கும் பம்ப் அந்த எண்ணெயை அழுத்தி வால்வுகளுக்கு அனுப்புகிறது. அந்த அழுத்தம்தான் கிளட்ச் தட்டுகளைச் சேர்த்துப் பிடித்து ஒன்றாம் கியர், இரண்டாம் கியர் என்று மாற்றுகிறது. எண்ணெய் குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும், அழுத்தம் விழும், தட்டுகள் வழுக்கும், வழுக்கினால் கருகும். அளவு கூடினாலும் ஆபத்துதான். சுழலும் பாகங்கள் எண்ணெயை அடித்து நுரையாக்கிவிடும். நுரை என்பது காற்று, அழுத்தம் மறுபடியும் விழும். அதனால்தான் இஞ்சின் எண்ணெயில் அரை லிட்டர் முன்னே பின்னே இருந்தால் பெரிதாகப் பயப்படாத நான், கியர் எண்ணெயில் கால் லிட்டரைக்கூட விடுவதில்லை.

அடுத்தது எண்ணெயின் வகை. இதில்தான் நம்மவர்கள் காசைத் தொலைக்கிறார்கள். "சாகாவுக்கு ஆட்டோ எண்ணெய் கொடுங்க" என்று கடையில் கேட்டால் போதாது. 2011-இல் வந்த புரோட்டான் சாகா எஃப்எல்எக்ஸிலிருந்து ஆட்டோ என்றால் சிவிடி, அதாவது கியர் படிகள் இல்லாமல் பெல்ட்டில் ஓடும் வகை. 2016-இல் வந்த புதிய சாகாவிலும் அதுதான். 2019 ஆகஸ்டில் வந்த மாடலில் சிவிடியை எடுத்துவிட்டு ஹுண்டாயின் நான்கு கியர் ஆட்டோவை வைத்தார்கள். பெயர் ஒன்று, உள்ளே இருப்பது வேறு. பெரோடுவா மைவி இதற்கு நேர் எதிர்: நான்கு கியர் ஆட்டோவாக வந்துகொண்டிருந்தது, 2021-இல் சிவிடிக்கு மாறியது. ஹோண்டா சிட்டியோ சிவிடியிலிருந்து ஐந்து கியருக்குப் போய், 2014-இல் மறுபடியும் சிவிடிக்கு வந்தது.

சிவிடியில் பல் சக்கரங்கள் மாறி மாறி வேலை செய்வதில்லை. இரண்டு புல்லிகளுக்கு இடையில் ஒரு இரும்பு பெல்ட் ஓடுகிறது. அந்தப் பெல்ட் வழுக்காமல் பிடித்து ஓடும்படி எண்ணெயைத் தயாரிக்கிறார்கள். அதில் சாதாரண ஆட்டோ எண்ணெயை ஊற்றினால் பெல்ட் வழுக்கும், புல்லியின் முகத்தில் கீறல் விழும். பிறகு எத்தனை தடவை நல்ல எண்ணெய் மாற்றினாலும் அந்தக் கீறல் போகாது. நிறத்தை வைத்து எண்ணெய் வாங்குவதும் தவறு. ஆட்டோ எண்ணெய்க்குச் சிவப்புச் சாயம் போடுவது, ஒழுகினால் இஞ்சின் எண்ணெயிலிருந்து பிரித்து அறிவதற்காக. சிவப்பாக இருப்பதெல்லாம் ஒரே எண்ணெய் இல்லை. சிவிடி எண்ணெய்களில் சில பச்சையாகவும் இருக்கும். காரோடு வந்த கையேட்டில் எண்ணெயின் பெயர் இருக்கும்: ஹோண்டாவின் பழைய இசட்-1 எண்ணெய்க்குப் பதிலாக வந்த டிடபிள்யூ-1, ஹோண்டா சிவிடிக்கு எச்சிஎஃப்-2, பல டொயோட்டாக்களுக்கு டபிள்யூஎஸ், நிஸ்ஸான் சிவிடிக்கு என்எஸ்-2 அல்லது என்எஸ்-3 என்பதுபோல. அந்தப் பெயர் டின்னின்மேல் இருக்க வேண்டும். "எல்லா ஆட்டோவுக்கும் போடலாம்" என்று எழுதிய டின்னை நான் சிவிடியில் ஊற்றவே மாட்டேன்.

இனி வேலைக்கு வருவோம். அடி நட்டைக் கழற்றுவதற்கு முன், எண்ணெய் ஊற்றும் வழியை முதலில் திறந்து பாருங்கள். டிப்ஸ்டிக் (எண்ணெய் அளவு பார்க்கும் குச்சி) குழாய் இருந்தால் கவலை இல்லை. பல புதிய கார்களில் டிப்ஸ்டிக்கே கிடையாது. கூட்டின் பக்கவாட்டில் ஒரு நட்டுதான். நம் ஊர் மழையிலும் ஈரத்திலும் பல வருடம் கிடந்த அந்த நட்டு சில சமயம் அசையாது. எண்ணெயை எல்லாம் இறக்கிய பிறகு இது தெரிந்தால், ஊற்ற வழியில்லாமல் கார் அங்கேயே கிடக்கும்.

காரைத் தூக்குவதிலும் கவனம் வேண்டும். தோட்டத்து வீட்டு வாசல் பெரும்பாலும் செம்மண். முதல் நாள் மழை பெய்திருந்தால் ஜேக் மெல்ல மெல்ல உள்ளே இறங்கும். படுத்திருப்பவருக்கு அது தெரியவே தெரியாது. கனமான பலகை போட்டு, நாலு பக்கமும் ஸ்டாண்டு வைத்து, காரை ஒரு தடவை கையால் ஆட்டிப் பார்த்த பிறகே கீழே போங்கள். ஜேக்கை மட்டும் நம்பிப் போகவே கூடாது. நாலு பக்கமும் சமமாகத் தூக்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முன்பக்கம் மட்டும் உயர்ந்திருந்தால் எண்ணெய் முழுதாக வடியாது, அளவும் தப்பாகக் காட்டும்.

இறங்கிய எண்ணெயைக் கொட்டிவிடாதீர்கள். அளந்து பாருங்கள். லிட்டர் கோடு போட்ட ஜக் பத்து வெள்ளிக்கும் குறைவு. இந்த வேலையில் அதைவிட உபயோகமான சாமான் எனக்குத் தெரியாது. மூன்று லிட்டர் வந்தால் மூன்று லிட்டர் ஊற்றுங்கள். பிறகு டிப்ஸ்டிக்கையோ பக்கவாட்டு நட்டையோ பார்த்துச் சரிசெய்யுங்கள். எண்ணெய் ஏற்கெனவே ஒழுகிக் குறைந்திருக்கலாம் என்பதால் இரண்டும் தேவை.

டிப்ஸ்டிக் பார்ப்பதில் ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது. டிப்ஸ்டிக் உள்ள டொயோட்டாக்களில் கார் ஓடிச் சூடான பிறகு, இஞ்சின் ஓடும்போதே, எல்லாக் கியரையும் ஒரு சுற்றுப் போட்டு 'பி'க்கு வந்து பார்க்க வேண்டும். டிப்ஸ்டிக் உள்ள ஹோண்டாக்களில் இஞ்சினைச் சூடாக்கி, அதை நிறுத்தி, 60 முதல் 90 விநாடிக்குள் பார்க்க வேண்டும். ஒன்றின் முறையை மற்றதில் செய்தால் அளவு தப்பும். தப்பான அளவை நம்பி மேலும் ஊற்றுவீர்கள். டிப்ஸ்டிக் இல்லாத பல டொயோட்டாக்களில் எண்ணெய் ஏறக்குறைய 40 பாகை சூட்டில் இருக்கும்போது, வழிந்தோடும் துளையைத் திறந்து, சொட்டுச் சொட்டாக வருகிறதா என்று பார்ப்பார்கள். எண்ணெய் சூடானால் விரியும், அதனால்தான் இந்தக் கணக்கு. அந்த வகைக் கார் என்றால், சூட்டைப் படிக்கும் ஸ்கேனர் இல்லாமல் வீட்டில் செய்யாதீர்கள். பட்டறைக்குக் கொண்டு போங்கள்.

"எண்ணெய் மாத்தியும் கருப்பாத்தானே இருக்கு?" என்று கேட்கிறவர்கள் உண்டு. அடி நட்டைக் கழற்றினால் எல்லா எண்ணெயும் வராது. டார்க் கன்வெர்ட்டரிலும் கூலர் குழாயிலும் இருப்பது உள்ளேயே தங்கிவிடும். மொத்தம் ஏழரை லிட்டர் பிடிக்கும் கியர்பாக்ஸில் மூன்று லிட்டர் இறங்கினால் 40 விழுக்காடுதான் புதிது. கொஞ்ச நாள் ஓட்டி மறுபடி மூன்று லிட்டர் மாற்றினால் 64 விழுக்காடு. மூன்றாம் தடவை 78. பழைய கார்களுக்கு நான் இப்படித்தான் செய்கிறேன், சில நூறு கிலோமீட்டர் இடைவெளி விட்டு.

இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடியும் எண்ணெய் மாற்றாத கியர்பாக்ஸை, அழுத்தம் கொடுத்துக் கழுவும் மிஷினில் போடச் சொல்லாதீர்கள். படிந்து கிடக்கும் அழுக்கு பெயர்ந்து வால்வுகளின் சிறு துளைகளில் போய் அடைக்கலாம். "எண்ணெய் மாத்தினதாலதான் கியர் போச்சு" என்ற பேச்சு பீடோரிலும் தாப்பாவிலும் அடிக்கடி காதில் விழும். பெரும்பாலும் அந்தக் கார்கள் ஏற்கெனவே வழுக்க ஆரம்பித்த பிறகு, கடைசி நம்பிக்கையாக எண்ணெய் மாற்ற வந்தவை. கருகிய தட்டைப் புது எண்ணெய் சரிசெய்யாது. வண்டி வழுக்குகிறது என்றால் எண்ணெய் வாங்கும் காசை வைத்துக்கொண்டு முதலில் சோதனை செய்யுங்கள்.

"ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்" என்று சொல்லப்பட்ட கார்களும் வருகின்றன. பல ஐரோப்பியக் கார்களுக்கு கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு வருடத்தில் மாற்றச் சொல்கிறது. நம் பக்கத்து ஓட்டம் இன்னும் கடுமையானது. வாரக் கடைசியில் குடும்பத்தோடு தாப்பாவிலிருந்து 59-ஆம் நெடுஞ்சாலையில் கேமரன் மலை ஏறுகிறோம். தானா ராத்தா 1,400 மீட்டருக்கும் மேலே. லோரிக்குப் பின்னால் ஊர்ந்து ஏறும்போது எண்ணெய் கொதிக்கிறது. சூடு 10 பாகை கூடினால் எண்ணெய் கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுக்கணக்கு. மாதம் ஒரு தடவை மலையேறும் காருக்குக் கையேட்டில் என்ன போட்டிருந்தாலும் 40,000 கிலோமீட்டரில் மாற்றுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

அடி நட்டைக் கழற்றியதும் அதன் காந்தத்தைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் பேஸ்ட் மாதிரி ஒட்டியிருந்தால் அது வழக்கமான தேய்மானம், துடைத்துவிடுங்கள். நகத்தில் சிக்கும் அளவுக்கு இரும்புத் துணுக்கு இருந்தால் படம் எடுத்து வைத்துக்கொண்டு பட்டறையில் காட்டுங்கள். வாஷரைப் புதிதாகப் போடுங்கள். ஒரு வெள்ளி இரண்டு வெள்ளி சமாசாரம். நட்டை முழுப் பலத்தோடு முறுக்காதீர்கள். கூடு அலுமினியம், மரை உரிந்துவிடும். ஹோண்டாவுக்கு 49 நியூட்டன் மீட்டர். டார்க் ஸ்பேனர் இல்லையென்றால் இரவல் வாங்குங்கள்.

பழைய எண்ணெயைப் புது எண்ணெய் வந்த டின்னிலேயே ஊற்றி மூடி, வாங்கிக்கொள்ளும் பட்டறையில் கொடுங்கள். கழிவு எண்ணெய் இங்கே 2005-ஆம் ஆண்டு விதிகளின்படி அட்டவணைக் கழிவு, அதாவது அபாயக் கழிவுப் பட்டியலில் உள்ளது. இஞ்சின் எண்ணெய் போன்ற உயவு எண்ணெய்க்கு எஸ்டபிள்யூ 305 என்றே எண் உண்டு. லயத்துக் கால்வாயில் ஊற்றினால் அது பீடோர் ஆற்றுக்குத்தான் போகும். அப்புறம், அன்றிரவு காரின் கீழே ஒரு வெள்ளை அட்டையை விரித்து வையுங்கள். காலையில் அதில் சிவப்புச் சொட்டு இருந்தால், வேலைக்குக் கிளம்புவதற்கு முன் வாஷரைப் பாருங்கள்.