சைக்கிளில் மடிப்பு விட்டுத் தைக்க முடியாது

கும்பகோணத்தில் என் அப்பா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த அதே இடத்தில்தான் நான் இப்போது விற்பனையும் பழுதுபார்ப்பும் செய்கிறேன். ஜூன் பிறந்தால் எல்.கே.ஜி. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பெற்றோர் வரத் தொடங்கிவிடுவார்கள். முக்கால்வாசிப் பேர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: “அண்ணா, இன்னும் மூன்று வருடத்துக்கு வருகிற மாதிரி கொடுங்கள்.”

பாவாடையை மடிப்பு விட்டுத் தைத்தால் அடுத்த தீபாவளிக்குப் பிரித்து இறக்கிக்கொள்ளலாம். சைக்கிளில் அது நடக்காது. பட்டுத்தான் சொல்கிறேன். கடையில் விற்காமல் கிடந்த 16 இஞ்சு வண்டியை, ‘வளர்ந்தால் எட்டிவிடும்’ என்று நான்கு வயது மகளிடம் கொடுத்தேன். ஒரே ஒரு முறை விழுந்தாள். அதன்பின் ஒரு வருடம் அந்த வண்டி ஈரத்துண்டு காயப்போடத்தான் பயன்பட்டது. “நாமெல்லாம் பெரிய வண்டியில் குரங்குப் பெடல் போட்டுத்தானே கற்றோம்?” என்று சில அப்பாக்கள் மல்லுக்கு நிற்பார்கள். அப்போது நமக்கு எட்டு, ஒன்பது வயது ஐயா!

ஆகவே வயதை விடுங்கள், காலை அளந்து பாருங்கள். வெளியே போகும்போது போடும் செருப்போடு பிள்ளையைச் சுவரில் முதுகு ஒட்ட நிறுத்துங்கள். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு இடையே மேலே முட்டும்வரை உயர்த்தி, அதன் மேல்விளிம்பு சுவரைத் தொடும் இடத்தில் கோடு போடுங்கள். தரையிலிருந்து அந்தக் கோடு எத்தனை செ.மீ. என்று குறித்துக்கொண்டு, டேப்போடு கடைக்கு வாருங்கள். சீட்டை அடியோடு இறக்கச் சொல்லி, தரையிலிருந்து சீட்டின் மேல்பக்கம் வரை அளக்க வேண்டும். அது உங்கள் குறிப்பைவிட ஒன்றிரண்டு செ.மீ. குறைவாக இருந்தால்தான் உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதியும்.

12, 14, 16 இஞ்சு என்பதெல்லாம் சக்கரத்தின் அளவு மட்டுமே. ஒரே 14 இஞ்சில் ஒரு வண்டியின் சீட் உயரமாக இருக்கும், இன்னொன்று தாழ்ந்திருக்கும். மூன்று, மூன்றரை வயதுக்கு 12, நான்கைத் தாண்டினால் 14 என்பது என் கைக்கணக்கு. டேப் வேறு சொன்னால் டேப்பையே நம்புங்கள்.

அடுத்து எடை. இதை யாருமே கேட்பதில்லை. 16 கிலோ பிள்ளைக்கு ஒன்பதரை கிலோ இரும்பு வண்டியை வாங்கிக் கொடுப்பது, 60 கிலோ ஆளுக்கு 35 கிலோ வண்டியைக் கொடுப்பதற்குச் சமம். எரிவாயு நிரம்பிய சிலிண்டரைவிடக் கனம்! பிள்ளையின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குள் கிடைத்தால் நல்லது. நம் கடைத்தெருவில் அது அரிது; பாதியைத் தாண்டாமலாவது பாருங்கள். முன்கூடை, பின்கேரியர், பொம்மை உட்காரும் சீட் எல்லாம் அழகுதான், ஒவ்வொன்றும் கனமும்தான். காற்றடிக்கும் டயராக இருக்கட்டும். கட்டி ரப்பர் டயர் பஞ்சராகாது, ஆனால் ஒவ்வொரு கல்லையும் பிள்ளையின் முதுகுக்குக் கொண்டுபோகும். செயினை மூடும் கார்டு கட்டாயம். பிரேக் லிவரைப் பிள்ளையே பிடித்துப் பார்க்க வேண்டும். விரல் எட்டாவிட்டால் லிவரில் இருக்கும் சிறு திருகைத் திருகி நெருக்கித் தரச் சொல்லுங்கள்.

இனி என் வியாபாரத்துக்கே விரோதமான ஒரு விஷயம். பக்கச் சக்கரம் வேண்டாம். சைக்கிள் திரும்பும்போது சாய வேண்டும்; பக்கச் சக்கரம் சாய விடாது, பிள்ளை மூன்று சக்கர வண்டியின் பழக்கத்தைத்தான் கற்கும். நம் தெருக் குழிகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பின்சக்கரம் பள்ளத்துக்கு மேலே வரும்போது இரண்டு பக்கச் சக்கரமும் மேட்டில் நின்றுவிடும். அந்தரத்தில் சுற்றும் பின்சக்கரத்தில் பிரேக் பிடித்து என்ன பயன்?

அதற்குப் பதிலாகப் பெடலைக் கழற்றிவிடுங்கள். 1817-இல் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் கார்ல் வான் டிரைஸ் ஓட்டிக் காட்டிய முதல் இருசக்கர வண்டிக்கே பெடல் கிடையாது; தரையைக் காலால் உந்தித்தான் போனார். பெடலைக் கழற்றப் பெரும்பாலும் 15 நம்பர் ஸ்பானர் போதும். இடதுபக்கப் பெடலுக்கு மரை எதிர்த்திசை என்பதால் பலர் முறுக்கி முறுக்கி இறுக்கியே விடுவார்கள். ஸ்பானரின் பிடி மேலே இருக்கும்படி மாட்டி, பின்சக்கரப் பக்கம் தள்ளுங்கள். இரண்டு பக்கமும் அப்படித்தான் கழலும்.

தலைக்கு ஹெல்மெட் போட்டு, மாலையில் வண்டி வராத சமதரையில் விடுங்கள். முதலில் நடக்கும், பிறகு ஓடும். பின்னால் பிடித்துக்கொண்டு ஓடாதீர்கள். உங்களுக்கு இடுப்பு வலிக்கும், பிள்ளை உங்கள் கையை நம்பும். ஒருநாள் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு ஒரு வீட்டு நீளம் உருளும். அப்படி நாலைந்து நாள் உருண்ட பிறகு பெடலை மாட்டுங்கள். எல் என்று குறித்திருப்பது இடதுபக்கத்துக்கு. மாற்றி மாட்டி மரை போய்விட்டால், பெடல் மாட்டும் தண்டான கிராங்கையே மாற்ற வேண்டிவரும். முதலில் கையால் நாலு சுற்று சுற்றி, லேசாக ஏறுகிறதா என்று பார்த்த பிறகே ஸ்பானரை எடுங்கள்.