எண்ணெய்த் தேக்க மாதிரி: நிலவியலையும் பொறியியலையும் சேர்த்துக் கட்டுவது எப்படி?

தேக்க மாதிரி என்பது எண்ணெய் தேங்கியிருக்கும் நிலத்தடிப் பாறையின் கணினி வடிவம். அந்தப் பாறை எப்படிப் படிந்தது என்று நிலவியலாளர் பார்க்கிறார். அதற்குள் எண்ணெய் எப்படி ஓடும் என்று பொறியாளர் கணக்கிடுகிறார். முதலாமவர் மாதிரியை முடித்து இரண்டாமவர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் உண்டு. பாதிச் சிக்கல் அதனால்தான்.

படி 1: கேள்வி. மொத்த இருப்பு மட்டும் தெரிந்தால் போதுமா, அல்லது தண்ணீர் செலுத்தி எண்ணெயைத் தள்ளப் போகிறீர்களா? முதலாவதற்கு எளிய மாதிரி போதும். இரண்டாவதற்கு மெல்லிய களிப்பாறைப் படலத்தைக்கூட விட்டுவிட முடியாது.

படி 2: சட்டகம். அடுக்குகளும் பிளவுகளும் நில அதிர்வுத் தரவிலிருந்து வரும். பொறியாளரை இங்கேயே கூப்பிடுங்கள். பிளவின் இருபுறக் கிணறுகளிலும் அழுத்தம் சேர்ந்தே இறங்கினால், அந்தப் பிளவு முழுதாக அடைத்துக்கொண்டிருக்க வாய்ப்பில்லை. நில அதிர்வுப் படம் இதைச் சொல்லாது.

படி 3: நிரப்புதல். முதலில் பாறை வகைகள்: ஆற்று வாய்க்கால் மணல், வெள்ளச் சமவெளிக் களி என்று. அப்புறம் ஒவ்வொரு வகைக்குள்ளும் நுண்துளைமை (பாறையில் துளைகளின் பங்கு), ஊடுருவுதிறன் (திரவம் பாறைக்குள் எவ்வளவு எளிதாக ஓடும் என்பது). ஆய்வகத்தில் அளக்கும் பாறைத் துண்டு சில சென்டிமீட்டர்தான். கிணற்றுச் சோதனையோ பல நூறு மீட்டர் வரை பார்க்கும். சோதனை காட்டும் ஊடுருவுதிறன் மிக அதிகமாக இருந்தால், பாறையில் விரிசல்கள் இருக்கலாம்.

படி 4: பெரிய செல்களாக்குதல். அதாவது, மாதிரியின் சிறு கட்டங்களைச் (செல்கள்) சேர்த்துப் பெரிதாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சராசரி மதிப்பு கொடுப்பது. புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம். சம தடிமனுள்ள இரண்டு அடுக்குகள். ஒன்றின் ஊடுருவுதிறன் 100 மில்லிடார்சி (அதன் அலகு), மற்றதினது 1 என்று வையுங்கள். அடுக்குகளின் போக்கிலேயே திரவம் ஓடினால் சாதாரணச் சராசரி பொருந்தும்: 50.5. அடுக்குகளைக் குறுக்கே கடந்தால் இசைச் சராசரி (தலைகீழ் மதிப்புகளின் சராசரியைத் தலைகீழாக்கியது): ஏறத்தாழ 2. அதே பாறை, 25 மடங்கு வித்தியாசம்! எந்தத் திசைக்கு எந்தச் சராசரி என்று முடிவெடுக்க, களி அடுக்கு எவ்வளவு தூரம் அறுபடாமல் போகிறது என்று தெரிய வேண்டும். அதை நிலவியலாளரிடம்தான் கேட்க வேண்டும்.

படி 5: பழைய உற்பத்தியோடு ஒப்பிடுதல். மாதிரி சொல்வதைவிட முன்னதாகவே கிணற்றில் தண்ணீர் வந்துவிட்டதா? அந்தக் கிணற்றைச் சுற்றி மட்டும் ஊடுருவுதிறனைக் கூட்டினால் மாதிரியின் வரைகோடு உண்மையான உற்பத்தியோடு பொருந்திவிடும். என்னைக் கேட்டால் இது ஏமாற்று வேலை. அடுத்த கிணற்றின் கணிப்பு தப்பிவிடும். தண்ணீர் செலுத்தும் கிணற்றையும் இந்தக் கிணற்றையும் ஒரே வாய்க்கால் மணல் இணைக்கிறதா என்று நிலவியலாளரிடம் கேளுங்கள். இருக்கலாம் என்றால் படி 3-க்குத் திரும்பி அங்கே மாற்றுங்கள்.

சரி, எதை வைத்துப் பழகுவது? 2001-இல் வெளியான எஸ்பிஇ 10 (பெட்ரோலியப் பொறியாளர்கள் சங்கத்தின் பத்தாவது ஒப்பீட்டுத் திட்ட மாதிரி) தரவு இலவசம்: 60 × 220 × 85, அதாவது 11,22,000 செல்கள். ஓபிஎம் ஃப்ளோ என்ற திறமூல மென்பொருளில் ஓட்டலாம். மேல் 35 அடுக்குகள் ஆழமற்ற கடற்படிவு, கீழ் 50 ஆற்றுப்படிவு. இரண்டையும் தனித்தனியே ஓட்டி, தண்ணீர் போகும் வழியை ஒப்பிட்டுப் பாருங்கள்.