வேடந்தாங்கல் போனால் ஊரையும் பாருங்கள்

வேடந்தாங்கல் போகிறவர்கள் பெரும்பாலும் பறவைகளைப் பார்த்துவிட்டு ஊரைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். அந்தப் பறவைகளைக் காப்பாற்றி வைத்ததே அந்த ஊர்தான். நான் மதுராந்தகம் பக்கம். வழி கேட்கிற எல்லோரிடமும் இதைச் சொல்லித்தான் அனுப்புவேன்.

வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பினால்தான் பறவைகள் கூடு கட்டும். மழை பொய்த்த வருஷம் போய்ப் பயனில்லை, விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். ஜனவரி, பிப்ரவரி என்றால் குஞ்சுகளையும் பார்க்கலாம். சென்னையிலிருந்து வந்தால் திருச்சி நெடுஞ்சாலையில் படாளத்தில் திரும்ப வேண்டும். இரை தேடப் போனவை கூட்டம் கூட்டமாகத் திரும்புவது சாயங்காலம்தான். அதனால் நாலு மணிக்குள் கரையேறிவிடுங்கள்.

தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் நத்தைகுத்தி நாரையைத் தேடுங்கள். மூடினாலும் அதன் அலகு நடுவில் ஒட்டாது, சின்ன இடைவெளி தெரியும். அந்த அலகால்தான் நத்தையின் சதையை ஓட்டிலிருந்து உருவி எடுக்கும்.

சரி, இப்போது ஏரிக்கு முதுகைக் காட்டி நின்று வயலைப் பாருங்கள். பறவை எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர் மதகு வழியாக நெல்லுக்குப் பாய்கிறது. அதுவே உரம். பயிரைக் கடிக்கிற நத்தையை நாரை தின்றுவிடுகிறது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே பறவைகளைச் சுட்டபோது ஊரார் செங்கல்பட்டு கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1798-இல் லயனல் பிளேஸ் என்ற கலெக்டர், பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்திலேயே கொடுத்தார். நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததே 1972-இல்தான். எத்தனை தலைமுறைக்கு முன்பே இந்த விவசாயிகள் முந்திக்கொண்டார்கள் பாருங்கள்!

அப்புறம் ஊருக்குள் வந்து டீ குடியுங்கள். பெரியவர் யாராவது இருந்தால், "எத்தனை பறவை வந்திருக்கு?" என்று கேட்காதீர்கள், ஒரே வார்த்தையில் முடிந்துவிடும். "ஐயா, இந்த வருஷம் ஏரி எப்போ நிரம்புச்சு?" என்று ஆரம்பியுங்கள். மழை, மதகு, நடவு என்று பேச்சு தானாக விரியும். குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

ஹாரன், பாட்டுச் சத்தம், ஃபிளாஷ் மூன்றும் வேண்டவே வேண்டாம். கூட்டில் குஞ்சு இருக்கும்போது தாய்ப்பறவை மிரண்டு எழுந்தால் காக்கைக்குத்தான் கொண்டாட்டம். மறுநாள் காலை நேரமிருந்தால் பக்கத்துக் கரிக்கிலி ஏரிக்கும் போய் வாருங்கள். அங்கே கூட்டம் குறைவு, வாத்து வகைகளை நிதானமாகப் பார்க்கலாம்.