பெரிய பெருக்கலை உடைத்துச் செய்வது எப்படி? கொப்பியும் பேனையும் போதும்

உயர்தரத்தில் தகவல் தொழினுட்பம் எடுத்த பிள்ளைகளுக்கு ரிக்கர்ஷன் (ஒரு கணக்கை அதே மாதிரியான சின்னக் கணக்குகளாக உடைத்து, அவற்றுக்கும் அதே முறையையே திரும்பப் பாவிப்பது) என்றதும் முதலில் காட்டப்படுவது பெரும்பாலும் 5 × 4 × 3 × 2 × 1 என்று போகும் கணக்குத்தான். அதை ஒரு சாதாரண லூப்பிலேயே, அதாவது ஒரே வரிகளைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டே, முடித்துவிடலாம். பிறகு எதற்கு இந்தச் சுற்று என்று பிள்ளை கேட்டால் அது நியாயமான கேள்வி. அதனால் இங்கே வேறொரு கணக்கை எடுக்கிறேன். இதில் உடைப்பதால் உண்மையாகவே வேலை குறைகிறது. கணினி இல்லாத வீட்டிலும் செய்து பார்க்கலாம்.

கணக்கு இதுதான்: 2415 × 1632.

பள்ளிக்கூட முறையில் மேலே உள்ள ஒவ்வொரு இலக்கத்தையும் கீழே உள்ள ஒவ்வொரு இலக்கத்தாலும் பெருக்குவோம். 4 × 4, ஆக 16 சின்னப் பெருக்கல்கள். அப்புறம் கூட்டல்.

படி 1: பாதியாக வெட்டுங்கள்

2415 ஐ 24, 15 என்றும், 1632 ஐ 16, 32 என்றும் பிரியுங்கள். பெயர் வைப்போம்: அ = 24, ஆ = 15, இ = 16, ஈ = 32. முதல் எண் அ × 100 + ஆ, இரண்டாவது எண் இ × 100 + ஈ.

இரண்டையும் அடைப்புக்குள் வைத்துப் பெருக்கி விரித்தால் நான்கு பெருக்கல் வரும்: அ×இ, அ×ஈ, ஆ×இ, ஆ×ஈ. ஒவ்வொன்றும் ஈரிலக்கப் பெருக்கல், அதாவது தலா 4 சின்னப் பெருக்கல். மொத்தம் திரும்பவும் 16!

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். வெட்டினோம், ஆனால் ஒரு பெருக்கல்கூடக் குறையவில்லை. உடைத்தாலே வேகம் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியில்லை. உடைத்த பிறகு எத்தனை துண்டுக் கணக்கு மிஞ்சுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

படி 2: நான்கை மூன்றாக்குங்கள்

மொஸ்கோவில் 1960 இல் கொல்மகோரொவ் என்ற பெரிய கணிதவியலாளர் ஒரு கருத்தரங்கு நடத்தினார். இலக்கங்கள் இரட்டித்தால் பெருக்கல் வேலை நான்கு மடங்காவதைத் தவிர்க்க முடியாது என்பது அவருடைய ஊகம். அங்கே இருந்த 23 வயது மாணவர் அனத்தோலி கரட்சுபா ஒரு கிழமைக்குள் அதை உடைத்துக் காட்டினார். அவர் பிடித்த இடம் இதுதான்: அ×ஈ, ஆ×இ இரண்டும் நமக்குத் தனித்தனியாகத் தேவையில்லை, அவற்றின் கூட்டுத்தொகை மட்டும் போதும். (அ + ஆ) × (இ + ஈ) ஐ விரித்தால் நான்கு பெருக்கலும் சேர்ந்தே வரும்; அதில் அ×இ, ஆ×ஈ இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது அந்தக் கூட்டுத்தொகைதான்.

முன் = அ × இ = 24 × 16 = 384
பின் = ஆ × ஈ = 15 × 32 = 480
கூட்டு = (அ + ஆ) × (இ + ஈ) = 39 × 48 = 1872
நடு = கூட்டு − முன் − பின் = 1872 − 384 − 480 = 1008

விடை = 384 × 10000 + 1008 × 100 + 480 = 3,941,280.

100 ஆல், 10000 ஆல் பெருக்குவது வெறும் பூச்சியம் சேர்ப்பது, அதை வேலையாகக் கணக்கெடுக்க வேண்டாம். நிஜப் பெருக்கல் மூன்றுதான்.

படி 3: அதே வேலையைத் துண்டுகளுக்கும் செய்யுங்கள்

24 × 16 ஐயும் இப்படியே வெட்டலாம். முன் 2×1 = 2, பின் 4×6 = 24, கூட்டு 6×7 = 42, நடு 42 − 2 − 24 = 16. விடை 200 + 160 + 24 = 384.

15 × 32 ஐ நீங்களே செய்யுங்கள். 39 × 48 இல் மட்டும் கவனம் வேண்டும். முன் 12, பின் 72, ஆனால் கூட்டு (3+9) × (4+8) = 12 × 12. இது ஓரிலக்கம் இல்லை. பயப்பட வேண்டாம், இன்னொரு தடவை வெட்டுங்கள்: முன் 1, பின் 4, கூட்டு 3×3 = 9, நடு 9 − 1 − 4 = 4, விடை 144. எல்லாவற்றையும் எண்ணினால் 3 + 3 + 5 = 11 சின்னப் பெருக்கல்கள். 16 போய் 11.

எல்லாக் கிளையும் ஒரே ஆழத்துக்குப் போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கிளிநொச்சி இரணைமடுக் குளத்தில் இருந்து வரும் தண்ணீர் பெரிய வாய்க்காலில் இருந்து கிளை வாய்க்காலுக்கும், அதிலிருந்து வயல் வாய்க்காலுக்கும் பிரிவதைப் பார்த்த பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. ஒவ்வொரு பிரிவிலும் நடப்பது ஒரே வேலை. ஒரு வித்தியாசம், வாய்க்காலில் தண்ணீர் இறங்கிப் போவதோடு சரி. இங்கே விடை அடியிலிருந்து திரும்பி மேலே ஏறி வர வேண்டும்.

படி 4: போலிக்குறியாக (நிரலின் படிகளைச் சாதாரண மொழியில்) எழுதுங்கள்

பெருக்கு (ப, ம):
1. ப அல்லது ம 10 ஐ விடச் சிறிது எனில், ப × ம ஐத் திருப்பிக் கொடு, நிறுத்து.
2. நீளமான எண்ணின் இலக்கங்களில் பாதி = த (அரை வந்தால் விடு).
3. ப ஐ வலப்பக்கம் த இலக்கம் விட்டு வெட்டு: அ, ஆ. ம ஐயும் அப்படியே: இ, ஈ.
4. முன் = பெருக்கு (அ, இ)
5. பின் = பெருக்கு (ஆ, ஈ)
6. நடு = பெருக்கு (அ+ஆ, இ+ஈ) − முன் − பின்
7. முன்னுக்கு 2த பூச்சியம், நடுவுக்கு த பூச்சியம் சேர்த்து, பின்னையும் கூட்டித் திருப்பிக் கொடு.

முதல் வரியை மறந்தால் இது நிற்கவே நிற்காது. 4, 5, 6 ஆம் வரிகளை எழுதும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பின்தொடர்ந்து போகாதீர்கள். பெருக்கு சரியான விடை தரும் என்று நம்பி அடுத்த வரிக்குப் போங்கள். அந்த நம்பிக்கை வந்துவிட்டால் ரிக்கர்ஷனில் பாதி முடிந்தது.

எவ்வளவு லாபம்?

நான்கு இலக்கத்தில் 16க்கு 11 பெரிய விஷயமில்லை, கூடுதலாக வரும் கூட்டல் கழித்தல் அதைத் தின்றுவிடும். இலக்கங்கள் கூடக் கூடத்தான் பலன். 1024 இலக்கம் என்றால் 10 தடவை பாதியாக்கலாம். பழைய முறையில் 4 ஐ 10 தடவை பெருக்க வேண்டும்: 1,048,576. கரட்சுபா முறையில் 3 ஐ 10 தடவை: 59,049. கூட்டும்போது மேலதிகமாக வரும் இலக்கங்களை இதில் சேர்க்கவில்லை, சேர்த்தாலும் இடைவெளி பெரிதுதான். நீங்கள் பாடத்தில் எழுதும் பைதன் மொழியும் மிகப் பெரிய முழு எண்களுக்கு உள்ளே இதே முறையைத்தான் பாவிக்கிறது. சின்ன எண்களுக்குப் பள்ளிக்கூட முறையே. அதனால் நிஜ நிரலில் முதல் வரியின் எல்லையை 10 இல் வைக்காமல் இன்னும் மேலே வைப்பார்கள்.

செய்து பாருங்கள்

3127 × 4508. வலப்பக்கத் துண்டு 08. அதை 8 என்று எழுதலாம், ஆனால் த இன்னும் 2 தான். இங்கேதான் பலருக்குப் பூச்சியம் தவறிப்போகிறது. முன் 1395, பின் 216, நடு 1463 வந்தால் சரியான பாதையில் இருக்கிறீர்கள். விடை 14,096,516.