சைலன்சருக்கு வீட்டிலேயே பெயிண்ட் அடித்தேன்

மன்னார்குடிப் பக்கம் வயல் சேற்றிலும் மழையிலும் ஓடிய அப்பாவின் பைக் அது. சைலன்சர் முழுக்கத் துரு. முதல் முறை சாதாரணக் கறுப்பு எனாமல் அடித்தேன். ஒரே வாரத்தில் என்ஜினை ஒட்டிய வளைவில் கொப்புளித்து, கருகி, செதில் செதிலாக உதிர்ந்துவிட்டது. அந்த இடத்துச் சூட்டை எனாமல் தாங்காது.

அடுத்த முறை 600 டிகிரி செல்சியஸ் தாங்கும் சிலிக்கோன் ஸ்பிரே பெயிண்ட் வாங்கினேன். சம்பா அறுவடை முடியும்வரை காத்திருந்து, பங்குனி வெயிலில் தொடங்கினேன். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் தேய்த்த இரும்பு மறுநாளே பழுப்பேறிவிடும்.

முக்கால்வாசி வேலை தேய்ப்பதுதான். கழற்றி வைத்து, கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, 80 நம்பர் எமரித் தாள், பிறகு 220. வெள்ளை இரும்பு தெரியும்வரை விடவில்லை. ஒரு முழு நாள் போனது. தின்னரால் துடைத்த பின் வெறும் கையால் தொடவே கூடாது, விரல் எண்ணெய் பட்ட இடத்தில் பெயிண்ட் பிடிக்காது. சைலன்சரின் அடியில் நீர் வடியச் சிறு துளை இருக்கும். பெயிண்ட் புகாதபடி அதைத் தீக்குச்சியால் அடைத்துக்கொண்டேன், பிறகு பிடுங்கிவிட்டேன். துளை அடைபட்டே இருந்தால் உள்ளேயிருந்தே துரு அரிக்கும்.

கால் மணி நேர இடைவெளியில் மெல்லிய மூன்று பூச்சு. ஒரு நாள் காயவிட்டு மாட்டினேன். இந்தப் பெயிண்ட் சூடேறினால்தான் இறுகும். அதனால் திறந்தவெளியில் 10 நிமிடம் என்ஜினை ஓடவிட்டு, முழுக்க ஆறவைத்து, பிறகு 20, பிறகு 30. முதல் தடவை புகையும் நெடியும் வந்தன, அது இயல்புதான்.

ஒரு மழைக்காலம் முழுவதும் ஓட்டியாகிவிட்டது. வளைவில் இன்னும் ஒரு செதில்கூட எழவில்லை.