டார்வின் குருவிக் கதைய சொல்றப்போ பண்ணக்கூடாத தப்புகள்

டார்வின் பசிபிக் கடல்ல இருக்கற கலாபகோஸ் தீவுங்களுக்குப் போனாரு, விதவிதமான அலகு வச்ச ஃபிஞ்ச் குருவிங்கள பாத்தாரு, அப்பவே பரிணாமக் கொள்கை மனசுல தோணிடுச்சு. பாடத்துலயும் சரி யூடியூப் வீடியோவுலயும் சரி, கதை இப்படித்தான் ஓடுது. இதுல அவர் போனதும் அங்க குருவி இருந்ததும்தான் உண்மை. மத்தது பின்னாடி சேந்தது, அத நம்பிட்டா இந்த விஷயத்துல நெஜமாவே அழகான பகுதி நமக்கு கிடைக்காமலே போயிடும்.

மொதல்ல அந்த "அப்பவே தோணிடுச்சு"ங்கறத விட்ருங்க. 1835 செப்டம்பர், அக்டோபர்ல டார்வின் போன பீகிள் கப்பல் அங்க இருந்தது மொத்தம் அஞ்சு வாரம், டார்வின் எறங்கினது நாலே தீவு. சுட்டு எடுத்த குருவிங்கள்ல எது எந்தத் தீவுலேருந்து வந்ததுன்னு அவர் ஒழுங்கா லேபிள் போடவே இல்ல, சிலது என்ன வகைப் பறவைன்னே அவருக்குப் பிடிபடல, ஒண்ண ரென் பறவைன்னு நெனச்சாரு. லண்டன் திரும்பி அதெல்லாத்தயும் விலங்கியல் சங்கத்துல குடுத்தப்புறம், 1837 ஜனவரில ஜான் கோல்டுங்கற பறவையியலாளர்தான் பாத்துட்டு இதுங்க எல்லாம் ஒண்ணுக்கொண்ணு நெருங்கின சொந்தம், அலகுதான் வேறவேறன்னு சொன்னாரு. அப்புறம்தான் டார்வின் கேப்டன் ஃபிட்ஸ்ராய்கிட்டயும் கப்பல்ல கூட வந்த மத்தவங்ககிட்டயும் இருந்த பறவைங்கள வாங்கி எந்தத் தீவு எந்தத் தீவுன்னு தேட ஆரம்பிச்சாரு. அதாவது குருவி ரகசியம் வெளிய வந்தது தீவுல இல்ல, லண்டன்ல ஒரு மேஜை மேல, இன்னொருத்தர் கண்ணால.

அப்போ தீவுல இருக்கும்போதே அவர உறுத்தினது எது? மாக்கிங்பேர்ட்ங்கற இன்னொரு வகைப் பறவை. கலாபகோஸ் கதைன்னாலே ஃபிஞ்ச் குருவிய மட்டும் சொல்லிட்டு இந்தப் பறவைய விட்டுடறது ரொம்ப பெரிய தப்பு. மொத தீவுலயும் ரெண்டாவது தீவுலயும் பாத்த மாக்கிங்பேர்ட் ஒரே மாதிரி இல்லன்னு அவர் அங்கயே கவனிச்சாரு, அதனாலதான் இத மட்டும் தீவு வாரியா பிரிச்சு வச்சாரு. அங்க இருந்த துணை கவர்னர் லாசன் வேற, ஆமையப் பாத்தாலே எந்தத் தீவு ஆமைன்னு சொல்லிடுவேன்னு சொல்லியிருந்தாரு. 1836ல ஊருக்குத் திரும்பற வழியில எழுதின குறிப்புல, இது உண்மைன்னா உயிரினங்கள் மாறாததுங்கற நம்பிக்கையே ஆட்டம் காணும்னு டார்வின் எழுதறாரு. 1837 மார்ச்ல கோல்டு இந்த மாக்கிங்பேர்டுங்க மூணு தனித்தனி இனம்தான்னு உறுதி பண்ணினாரு, அந்த ஜூலைலயே இனங்கள் எப்படி மாறுதுன்னு யோசிக்கறதுக்காகவே டார்வின் ஒரு நோட்டு போட்டாரு. 1859ல வந்த அவரோட முக்கியமான புத்தகத்துல மாக்கிங்பேர்ட் வருது, ஃபிஞ்ச் குருவியப் பத்தி தனி விளக்கமே கிடையாது. டார்வின் குருவிங்கற பேரே 1930கள்லதான் வந்துச்சு, 1947ல டேவிட் லாக் எழுதின புத்தகம் வந்தப்புறம்தான் அது பிரபலமாச்சு.

அடுத்த தப்புதான் எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கறது, ஏன்னா நல்லா பாடம் நடத்தறவங்க கூட இத சொல்லிடறாங்க: "கடினமான விதைய உடைக்கணும்ங்கறதுக்காக குருவி தன் அலக பெருசாக்கிக்கிச்சு." எந்தக் குருவியும் எதயும் ஆக்கிக்கல. இத புரிஞ்சுக்க கலாபகோஸ்லயே இருக்கற டாஃப்னி மேஜர் தீவுதான் நல்ல வழி. சின்ன எரிமலைத் தீவு, பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட்னு ஒரு தம்பதி 1973லேருந்து நாப்பது வருஷம் வருஷா வருஷம் அங்க போய் குருவிங்களப் புடிச்சு கால்ல வளையம் மாட்டி அலக அளந்து எழுதி வச்சாங்க. 1977ல மழை ரொம்ப ரொம்ப கம்மி. சின்ன மெத்து விதையெல்லாம் சீக்கிரம் தீந்துபோச்சு, மிச்சம் இருந்தது பெரிய கெட்டி விதைங்க, அதுல ஒண்ணு நம்ம ஊரு நெருஞ்சி முள்ளோட நெருங்கின சொந்தக்காரச் செடி. அங்க இருந்த நடுத்தர தரைக் குருவிங்கற இனத்துல கிட்டத்தட்ட 85 சதவீதம் இல்லாமப் போச்சு. தப்பிச்சதுல பெரும்பாலானது ஏற்கனவே கொஞ்சம் தடிச்ச அலகோட பொறந்ததுங்க, அந்த அலகு பரம்பரையா வர்றதால அடுத்த வருஷம் பொறந்த குஞ்சுங்களுக்கும் சராசரியா அலகு தடிப்பாவே இருந்துச்சு. வித்தியாசம் அரை மில்லிமீட்டர் அளவுதான். மாறினது தனி ஒரு குருவி இல்ல, அந்தக் கூட்டத்தோட சராசரி. மாணவர்களுக்கு இந்த ஒரு வரி புரிஞ்சிடுச்சுன்னா பாதி பாடம் முடிஞ்ச மாதிரி.

இதே தீவு இன்னும் ரெண்டு தப்ப சரி பண்ணுது. பரிணாமம் லட்சக்கணக்கான வருஷம் ஆகும், யாரும் கண்ணால பாக்க முடியாதுன்னு சொல்றோம்ல, இவங்க ஒரே பஞ்சத்துல அளந்து காட்டிட்டாங்க. எப்பவும் ஒரே பக்கமா முன்னேறிட்டே போகும்ங்கறதும் தப்பு. 1982 கடைசிலயும் 83லயும் எல் நினோ, அதாவது பசிபிக் கடல் சூடேறி வானிலைய மாத்தற நிகழ்வு, வந்து மழை கொட்டினதுல தீவு முழுக்க சின்ன விதை குவிஞ்சுச்சு, அதுக்கப்புறம் சின்ன அலகுதான் நல்லா பொழச்சுது. பெரிய அலகு ஒசத்தி, சின்ன அலகு மட்டம்னு எதுவும் இல்ல, அந்தந்த வருஷம் என்ன விதை கெடைக்குதோ அதப் பொறுத்தது.

கடைசியா, தீவுப் பறவைன்னா கலாபகோஸ் மட்டும்தான்னு நெனைக்கறது. ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ்ங்கற ஆங்கிலேய இயற்கையியலாளர் 1854லேருந்து 1862 வரைக்கும் இன்னிக்கு மலேசியா, இந்தோனேசியான்னு சொல்ற தீவுகள்ல சுத்திட்டே இருந்தாரு. 1856ல பாலிலேருந்து லாம்போக்குக்கு கடல் தாண்டினாரு, நடுவுல இருக்கறது குறுகலான ஜலசந்திதான், ஆனா பாலில இருந்த மரங்கொத்தியும் குக்குறுவானும் லாம்போக்ல அவர் கண்ணுல படல, அங்க ஆஸ்திரேலியா பக்கத்து காக்கட்டூக் கிளியும் தேனுண்ணிப் பறவைங்களும் இருந்துச்சு. தட்பவெப்பம் ஒண்ணு, மண்ணு ஒண்ணு, பறவை மட்டும் ஏன் வேற? அந்த எடத்துல கடல் ரொம்ப ஆழம், பனியுகத்துல கடல் மட்டம் எறங்கினப்போ கூட ரெண்டு பக்கமும் தரையா சேரல. 1858ல டெர்னேட் தீவுலேருந்து வாலஸ் அனுப்பின கட்டுரையில தான் யோசிச்சு வச்சிருந்த அதே கருத்து இருந்ததப் பாத்துதான் டார்வின் அதிர்ந்துபோனாரு, அப்புறம் ரெண்டு பேரோட எழுத்தும் ஒண்ணா 1858 ஜூலை 1ஆம் தேதி லண்டன் லின்னேயன் சங்கத்துல வாசிக்கப்பட்டுச்சு. வாலஸ் கூடவே அலின்னு சரவாக்ல சேந்த ஒரு மலாய்ப் பையன் இருந்தாரு, பறவைய சுடறது, தோல் உரிச்சுப் பதப்படுத்தறது எல்லாம் அவர் கைவேலை. வாலஸோட பேரால அழைக்கப்படற சொர்க்கப் பறவை ஒண்ணு இருக்கே, அத பச்சான் தீவுல மொதல்ல சுட்டுக் கொண்டுவந்து காட்டினதும் அலிதான். வாலஸப் பத்தி சொல்றப்போ அலி பேரையும் சேத்து சொல்லுங்க.